புளித்தாலும் சர்க்கரைதான்

பழக்கடைக்காரிக்குத் தராசு பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் காலையில் எங்கள் கடைக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். தராசைவிட அதிக நேரம் நான் கையில் பிடித்திருப்பது அடுத்தவர்களுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் எங்கள் கடை. எதிரே ஒரு சர்க்கரை நோய் கிளினிக். அங்கே வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொருமுறை கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே போய்க் கழிப்பது? கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு சாலையைக் கடந்து என் கடைக்கு வருவார்கள். கிளினிக்கில் கொடுக்கும் தாளில் ‘பழம் – அளவோடு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த அளவு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சம். என்னிடம் கூச்சமில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். பதில் சொன்னால், “உனக்கென்ன தெரியும்?” என்பார்கள். சொல்லாவிட்டால், “விக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?” என்பார்கள். எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதுதான் பிரச்சினையே. குத்தாலம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த அப்பாவும் அம்மாவும் என்னை பி.எஸ்சி. வேதியியல் படிக்க வைத்தார்கள். படித்ததற்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தேன், பழக்கடை வைத்தேன். அதற்காகப் படித்ததை மறந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பச்சைத் திராட்சை சார்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாராவாரம் வருவார். எல்லோரும் இனிக்கிற திராட்சையைத் தேடினால் இவர் புளிக்கிறதைத் தேடுவார். ஒன்றை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, திருப்தியாகத் தலையை ஆட்டி, “இதுல ஒரு கிலோ போடும்மா” என்பார். புளிக்கிற பழத்தில் சர்க்கரை கிடையாது என்பது அவருடைய முடிவு. சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் முக்கால் கிலோ தின்றுவிடுவதாக அவரே பெருமையாகச் சொல்வார். நாலைந்து வாரம் வாயை மூடிக்கொண்டு நிறுத்துக் கொடுத்தேன். ஒருநாள் அவர் கிளினிக்கிலிருந்து வந்து, “பத்தியமா இருந்தும் ஏறிக்கிட்டே போகுதும்மா, என்னன்னே தெரியலை” என்றார். குரலில் நிஜமான கவலை. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“சார், புளிப்பு அதுல இருக்கிற அமிலம். அது நாக்குக்கு இனிப்பை மறைக்கும், சர்க்கரையை அழிக்காது. எலுமிச்சம்பழ ஜூஸ்ல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டும் புளிச்சா, சர்க்கரையே போடலைன்னு ஆயிடுமா? நல்லாப் பழுத்ததைவிட இதுல கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கால் கிலோ தரேன், ஒரு வாரத்துக்கு வச்சுக்கங்க. ஒரு கிலோ தர மாட்டேன்” என்றேன். சுற்றிலும் பஞ்சோடு நின்ற நாலு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: “முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினவன் நான். பழக்கடையில நின்னு பாடம் கேக்கணும்னு என் தலையில எழுதலை.”

ஒரு சொட்டுச் சாறு

அவர் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் சொன்னது தப்பில்லை. கண்ணால் பார்த்தால் நம்புவார்களே என்று யோசித்தேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு. பார்க்கப் பேனா டார்ச் மாதிரி இருக்கும். முனையில் ஒரு கண்ணாடி. அதில் ஒரு சொட்டுப் பழச்சாறு விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு கோடு, பக்கத்தில் எண்கள். சாற்றில் கரைந்திருப்பது நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். பழத்தில் கரைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். ஆன்லைனில் ஒன்று வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்வம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலையில் மண்டியிலிருந்து பழம் எடுத்து வருவதும் அவர்தான். பெட்டியைப் பிரித்ததைப் பார்த்துவிட்டு, “இனிக்குதா, இனிக்குதுன்னு சொல்லி வித்துட்டுப் போவியா, இதெல்லாம் நமக்கெதுக்கு?” என்றார்.

அன்றைக்கு முழுக்கக் கடையில் இருந்த ஒவ்வொன்றையும் பிழிந்தேன். கொடைக்கானலிலிருந்து டப்பாவில் வந்த ஸ்ட்ராபெர்ரி எட்டு காட்டியது. எனக்கே ஆச்சரியம். கடையிலேயே பணக்காரப் பழம் அது, சிவப்பும் வாசனையுமாகத் தேன் மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் தர்பூசணிகூட அதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. கொய்யா பதினொன்று. மாதுளை பதினைந்து. அந்தப் பச்சைத் திராட்சை, முகம் சுளிக்க வைக்கிற அதே திராட்சை, பதினான்கு. நல்ல சப்போட்டா இருபத்திரண்டு. எலுமிச்சையும் எட்டு காட்டியது. அதில் முக்கால்வாசி அமிலம் என்பதால் அதற்கு மட்டும் எண் எழுதவில்லை. பொய்யான எண்ணை எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

அட்டைகளை வெட்டி, மார்க்கரில் பெரிதாக எழுதி ஒவ்வொரு கூடையிலும் செருகினேன். பக்கத்து ஜூஸ் கடை ஜாபர் பாய் நாகூர்க்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்து கூடை கூடையாகப் படித்தார். சப்போட்டாவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கடையில் அதிகம் போவது சப்போட்டா மில்க் ஷேக். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “ஒரு சின்ன உதவி தங்கச்சி, அந்த சப்போட்டா அட்டையை மட்டும் என் கடைப் பக்கம் திருப்பி வைக்காம ரோட்டைப் பார்க்க வச்சுடு.”

ஐந்து ஸ்ட்ராபெர்ரி

கிளினிக்குக்கு மாமியாரோடு வரும் சுகன்யாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் விளைகிற குடும்பம். புருஷன் வெளிநாட்டில். கர்ப்பகாலச் சர்க்கரை என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து மாமியார் பழத்தை வீட்டுக்குள் விடவில்லை. அந்தப் பெண் என் கடைக்கு வந்தால் எதையும் கேட்க மாட்டாள். ஸ்ட்ராபெர்ரி டப்பாவைப் பார்ப்பாள், மாமியாரைப் பார்ப்பாள், தரையைப் பார்ப்பாள். மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியவில்லை. “என்ன சாப்பிடுறம்மா வீட்டுல?” என்று கேட்டேன். மாமியார் முந்திக்கொண்டார். “நல்லாத்தாங்க சாப்பிடுறா. காலையில இட்லி, மத்தியானம் நம்ம வயல் பொன்னிச் சோறு வயிறு நிறைய, சாயங்காலம் மிச்சமிருந்தா ரசஞ்சோறு, அப்புறமும் ஒரு பிடி சோறு. பழம்னு ஒண்ணு கண்ணுல காட்டுறதில்லை.”

சோற்றைப் பற்றி டெல்டாவில் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். “அம்மா, இனிப்பாயிருந்தாத்தான் சர்க்கரைன்னு இல்லை. சோறு வயித்துக்குள்ள போய் சர்க்கரையாத்தான் மாறுது. இந்த டப்பாவுல இருக்கிற அத்தனை ஸ்ட்ராபெர்ரியிலயும் சேத்து ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரைக்கு மேல இருக்காது. நான் சொல்றதுக்காகக் கொடுக்க வேண்டாம். டாக்டரம்மாகிட்ட நேரா கேளுங்க. அவங்க சரின்னா, அஞ்சே அஞ்சு சாப்பிடட்டும். வீட்டுலதான் விரல்ல குத்திப் பாக்குற மெஷின் இருக்கே, சாப்பிட்டுப் பாத்துக்கங்க.” மாமியார் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார். சுகன்யா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, “அத்தை, நான் கேக்கறேன் டாக்டர்கிட்ட” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். டாக்டரம்மா சரி என்றிருக்கிறார். கூடவே சோற்றை இரண்டு கரண்டியாகக் குறைத்து, காய்கறியைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். சுகன்யா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்ட நாட்களில் எண்கள் டாக்டர் சொன்ன அளவுக்குள்ளேயே நின்றிருந்தன. பழைய அளவில் சோறு சாப்பிட்ட ஒரே ஒரு நாள் மேலே போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். மாமியார் தானே கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்தார். எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்தப் பழத்தால சர்க்கரை ஏறலைங்கிறதை ஒத்துக்கறேன், ஆனா இத்தனை வருஷம் நான் போட்ட சோத்தைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தினதுக்கு உன்னை மன்னிக்க மாட்டேன்.”

என் ரிப்போர்ட்

ஊருக்கெல்லாம் எண் சொல்கிறவளுக்கு ஒருநாள் எண் வந்தது. எதிர் கிளினிக்கில் இலவச முகாம் போட்டார்கள். சும்மா போய்க் கையை நீட்டினேன். வெறும் வயிற்றிலேயே எல்லையைத் தாண்டியிருந்தது. ரொம்ப இல்லை. ஆனால் தாண்டியிருந்தது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும்போது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு இதே நோயில்தான் ஒரு கால் விரல் போனது.

மறைத்திருக்கலாம். மறைத்தால் அட்டைகளை எடுத்துவிட வேண்டும் போலத் தோன்றியது. அன்றைக்கே கடைக்கு வந்தவர்களிடம் நானே சொன்னேன்: “எனக்கும் வந்துடுச்சு, இனிமே நானும் உங்க வரிசையிலதான்.” சில பேர் ‘உச்’ கொட்டினார்கள். ஒருத்தர், “பழத்தைத் தின்னுட்டே இருந்தா வராம என்ன செய்யும்?” என்று சந்தோஷமாகக் கேட்டார். அவருக்குக் கணக்காகச் சொல்ல வேண்டுமே என்று மறுபடியும் கிளினிக்குக்குப் போய், ரத்தம் எடுக்கும் பிரேமாவிடம் உட்கார்ந்து என் ஒரு நாள் சாப்பாட்டை வரிசையாகச் சொன்னேன். ருசி பார்க்கும் துண்டு துணுக்குகளைச் சொன்னேன், சோற்றைச் சொன்னேன். டீயைச் சொல்ல மறந்துவிட்டேன். பிரேமா மறக்கவில்லை; எங்கள் கடை அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “அக்கா, ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன், நான் எண்ணியிருக்கேன், பழத்து மேல பழி போடாதீங்க.”

சங்கத்தின் பேனர்

எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரை நாங்கள் ஐயா என்போம். அவர்தான் அந்தப் பகுதியின் நடைப்பயிற்சிச் சங்கத் தலைவரும். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஜூஸ் ஸ்டால் போடும் பொறுப்பை எனக்கே தருவதாகச் சொன்னார். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். பேரீச்சம்பழமும் திராட்சையும் சப்போட்டாவும் சேர்த்து அடித்த ஜூஸ், ஆளுக்கொரு பெரிய டம்ளர். பேனரில் இருக்க வேண்டிய வாசகத்தையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மேல் வரி: ‘சர்க்கரை சேர்க்காத இயற்கை பானம்’. கீழ் வரி: ‘சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு வேண்டுமானாலும் அருந்தலாம்’.

“மேல் வரி சரிங்க ஐயா. கீழ் வரி வேண்டாம். நாம சேக்கலைன்னாலும் பழத்துலயே இருக்குங்க. அதுலயும் பேரீச்சம்பழம்னா பாதிக்கு மேல சர்க்கரைதான். முழுப் பழமாத் தின்னா ரெண்டுல நிறுத்திக்குவாங்க, ஜூஸாக் குடிச்சா பத்துப் பழம் ஒரே மடக்குல உள்ள போயிடும்” என்றேன். அவர் சிரித்தார். “இயற்கைச் சர்க்கரை ஒண்ணும் செய்யாதும்மா. அந்தக் கீழ் வரிதான் கூட்டத்தை இழுக்கும்” என்றார். வேண்டுமானால் வெட்டிய கொய்யாவும் கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும் தட்டில் வைத்துத் தருகிறேன், ஜூஸ் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியானால் எனக்கும் இந்த ஆர்டர் வேண்டாம் என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேனர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தை மாதத்தோடு கடை ஒப்பந்தம் முடிகிறது, இடம் தனக்குத் தேவைப்படுகிறது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் செல்வத்திடம் சொல்ல எனக்குப் பயம். மண்டி ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கருவி வாங்கியதிலிருந்தே முனகிக்கொண்டிருந்தவர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். கீழ் வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கால் விரலை எடுக்க என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அந்த ஆட்டோவில்தான் அவர் ஏற்றிக்கொண்டு போனார். எழுந்து போய் வண்டியில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினார். கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வண்டி நம்மளுது, எந்தக் கடை வாசல்ல நிறுத்தினாலும் பழம் இறங்கும்.”

ஆறு கடை தள்ளி

தை முடிந்ததும் ஆறு கடை தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். பழைய இடத்தில் பாதிதான் இருக்கும். மேற்கு வெயில் நேராக உள்ளே அடிக்கும். முதல் வாரம் ஸ்ட்ராபெர்ரி ஒரு டப்பாகூடத் தேறவில்லை, மத்தியானத்துக்குள் கசிந்து போனது. ஜாபர் பாய் தன் கடையின் பழைய தகரத் தடுப்பைக் கழற்றிக்கொண்டு வந்து அவரே மாட்டிவிட்டுப் போனார்.

விழா நடந்தது. பேனர் இரண்டு வரியோடும் தொங்கியது என்றார்கள். வேறு யாரோ ஜூஸ் போட்டார்கள். யாரும் மயங்கி விழவில்லை. விழுந்திருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும், ஆனால் விழவில்லை. சர்க்கரை அப்படிச் சத்தம் போட்டு வருகிற நோயும் இல்லை. பழைய கடையில் இப்போது பேக்கரி. கிளினிக்கிலிருந்து பஞ்சோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே நின்றுவிடுகிறார்கள். மீதிப் பாதி ஆறு கடை நடந்து வருகிறார்கள். நடப்பது அவர்களுக்கு நல்லதுதான். அட்டைகளை இன்னும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பேரீச்சம்பழத்தில் பிழியச் சாறு இல்லாததால் எண் போடாமல், ‘எல்லாவற்றுக்கும் மேலே’ என்று எழுதியிருக்கிறேன். என் டீ இரண்டாகக் குறைந்திருக்கிறது, இரண்டிலும் சர்க்கரை இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போன மாதம் ஒரு காலையில் வயதான அம்மா ஒருவர் வந்தார். ஒவ்வொரு அட்டையையும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். கொய்யா அரைக் கிலோ, ஸ்ட்ராபெர்ரி ஒரு டப்பா கேட்டார். சப்போட்டாவை எடுத்தார், இருபத்திரண்டைப் பார்த்தார், திரும்பவும் வைத்தார். எங்கேயோ பார்த்த முகம். பையை நீட்டும்போதுதான் அடையாளம் தெரிந்தது. ஐயா வீட்டு அம்மா. நிறுத்ததை மாற்றவில்லை, பையில் போட்டுக் கொடுத்தேன். “ஐயா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டேன். அவர் ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “காலு எரியுதுன்னு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாரு, தானா வர மாட்டாரு, ‘அந்தப் பொண்ணு கடையில அட்டையைப் பாத்து வாங்கிட்டு வா, யாருக்குன்னு சொல்லாதே’ன்னு என்னை அனுப்பிச்சாரு.”

பழத்தில் இருக்கும் சர்க்கரையைச் சொன்னால் ஊரோடு சண்டை, சொல்லாமல் விட்டால் என்னோடு சண்டை, ஊரோடு போடுகிற சண்டைக்காவது மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை கிடைக்கிறது என்பதால் நான் அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.